உள்ளே சாய்ந்த வேலி

அக்காவின் போன் வந்தபோது வேலிக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட்டுக்குக் கீல் பத்தவைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை எடுத்தார்.

"டேய், நிஜமாடா?" என்றாள் அக்கா.

சாப்பிட்டாயா என்று கிடையாது, எப்படி இருக்கிறாய் என்று கிடையாது. பதினோரு வருஷமாக அக்காவின் போன் இப்படித்தான் தொடங்கும். அவள் வீட்டுக்காரர், அதாவது வேலிக்காரரின் அத்தான், காலையில் போனில் யாரோ பேசி அனுப்பியதைக் கேட்பார். கேட்டதை அக்காவுக்குச் சொல்வார். அக்கா கொல்லைப்பக்கம் போய் நின்று தம்பியைக் கூப்பிடுவாள். தெருவிளக்குக்குள் கேமரா வைத்திருக்கிறார்களாமே, நிஜமாடா? தடுப்பூசி போட்டுக்கொண்டால் பெயர் ஏதோ பட்டியலில் ஏறிவிடுமாமே, நிஜமாடா? இல்லைக்கா, இல்லைக்கா, இல்லவே இல்லைக்கா. அவர் சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போவாள். தம்பி சொன்னால் போதும், அதற்குமேல் அவளுக்குச் சாட்சி வேண்டியதில்லை.

"இன்னைக்கு என்னக்கா?"

"பழைய கிடங்குல வெள்ளத்துக்குன்னு முகாம் போடுறாங்கல்ல, அது வெள்ளத்துக்கு இல்லையாம். ஆளுங்களைப் புடிச்சு அடைக்கிறதுக்காம், ரகசியமா. உள்ள போனதும் பேரை எழுதிக்குவாங்களாம், அப்புறம் வெளியவே விடமாட்டாங்களாம்."

"அக்கா, ரெண்டு வருஷமா உங்க தெருக்குழாயை ரிப்பேர் பண்ணத் துப்பில்ல அவங்களுக்கு. ரகசியமா ஜெயில் கட்டப்போறாங்களா? கட்டியிருந்தா இந்நேரம் திறப்பு விழாவுக்கு மைக் செட்டு போட்டு ஊரைக் கூட்டியிருப்பாங்க. பேரை எழுதறது எத்தனை பேருக்குச் சாப்பாடு வேணும்னு தெரியறதுக்கு."

அக்கா சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

"வேலியைப் பாருங்கறாரு. எல்லா வேலியிலயும் உச்சியில முள்கம்பி வெளிப்பக்கம்தான் சாஞ்சிருக்குமாம், திருடன் ஏறாம இருக்க. இங்க உள்பக்கம் சாஞ்சிருக்காம். உள்ள இருக்கறவன் தப்பிக்காம இருக்கத்தானேங்கறாரு. அது எந்தம்பி போட்ட வேலி, அவனுக்குத் தெரியாதான்னு கேட்டேன். அவனுக்கே தெரியாம அவனை வெச்சு செஞ்சிருப்பாங்கன்னுட்டாரு. நானும் போய்ப் பார்த்தேன்டா. உள்பக்கம்தான் சாஞ்சிருக்கு."

வேலிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நேர்ல வந்து சொல்றேன்க்கா," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம், மறைக்க ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் அது வெறும் அரசாங்கக் கிடங்குதான். நாலைந்து கொட்டகைகளில் உடைந்த நாற்காலிகளும் பழைய பைல்களும் கிடந்த இடம். அதிலும் திருட்டு நடக்கிறது என்று சுற்றிலும் வேலி போடச் சொன்னார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தூண்கள். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் ஓர் இரும்புத் துண்டு சாய்வாக நிற்கும், பட்டறையில் அதைக் கொம்பு என்பார்கள். முள்கம்பி அதில்தான் ஓடும். தூணின் உடம்பில் வலையை மாட்டக் கொக்கிகள் இருக்கும். கொம்பும் கொக்கியும் ஒரே பக்கம், இரண்டுமே வெளிப்பக்கம் வரவேண்டும். இதைப் பிழையில்லாமல் செய்யத்தான் அச்சு ஒன்றைச் செய்துகொள்வது. தூணை அதில் படுக்கப்போட்டு, அது காட்டுகிற இடத்தில் பத்தவைத்துக்கொண்டே போகலாம், ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியதில்லை.

யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் வினையாகிவிட்டது. அதற்கு முந்தைய நான்கு மாதம் வேலிக்காரர் ஒரு மான் பூங்காவுக்கு வேலி போட்டிருந்தார். மான் பூங்காவில் கொக்கி வெளிப்பக்கம் இருக்க, கொம்பு மட்டும் உள்பக்கம் சாயவேண்டும், இல்லாவிட்டால் மான் தாவி ஓடிவிடும். அந்த அச்சை மேஜையிலிருந்து கழற்றாமலே அதில் இந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் போட்டுப் பத்தவைத்துவிட்டார். தூணை நட்டு, கான்கிரீட் இறுகி, வலையையும் மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பார்வையிட வந்த பொறியாளர் அம்மாவும் அண்ணாந்து பார்த்தார். "என்னங்க இது, உள்ள மானா வளர்க்கப் போறோம்?" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி விடுங்க. நாற்காலி திருட வர்றவன் கொம்பு எந்தப் பக்கம்னா பார்க்கப் போறான்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். வேலிக்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

இப்போது மேலே அணை நிரம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் திறக்கப்போகிறார்கள், பள்ளத்தெரு ஜனங்கள் வியாழன் மாலைக்குள் கிடங்கு முகாமுக்குப் போய்விட வேண்டும் என்று அந்தத் திங்கட்கிழமை முழுக்க வேனில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டே போனார்கள். பள்ளத்தெருவில் கடைசி வீடு அக்காவுடையது. ஆற்றுக்கும் அவள் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். தன் வீட்டுக்குக் கூப்பிடலாம் என்றால், பட்டறைக்குப் பின்னாலிருக்கும் வேலிக்காரர் வீடும் அதே கரையில்தான். அவர் மனைவியும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் கிளம்பாமல் அக்கா கிளம்பமாட்டாள், கொன்றாலும் கிளம்பமாட்டாள். ஆக, அத்தானை நான்கு நாளில் நம்பவைத்தால் அக்கா பிழைப்பாள். வேலிக்காரரின் கவலை அந்த ஒன்றுதான்.

அத்தானைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். அவர் பைத்தியமில்லை, கெட்ட மனிதரும் இல்லை. இருபத்தாறு வருஷம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எதிரே நிற்கிற ஒவ்வொருவனும் "எடுத்துட்டேன் சார்" என்றுதான் சொல்வான், எடுக்காதவன் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வான். அதையே இருபத்தாறு வருஷம் கேட்ட காது அது. போதாக்குறைக்கு, ஒருத்தருக்கும் வேலை போகாது என்று டிப்போவில் கூட்டம் போட்டு உறுதி சொன்னார்கள், அடுத்த மாதமே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து, ஒன்றுமில்லை என்று மேலிடத்தில் யார் சொன்னாலும் ஏதோ இருக்கிறது என்றுதான் அவருக்குப் பொருள்.

சாயங்காலம் வேலிக்காரர் போய் உட்கார்ந்ததும், "வா மச்சான். நீ போட்ட வேலியைப் பத்தித்தான் ஊரே பேசுது," என்றார் அத்தான்.

"அத்தான், வரைபடத்துல வெளிப்பக்கம்தான் இருந்துச்சு. நான்தான் மாத்திப் பத்தவெச்சுட்டேன். மான் பூங்கா அச்சைக் கழட்ட மறந்துட்டேன். தப்பு என்னோடது."

சொல்லி முடிப்பதற்குள் வேலிக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. ஆறு மாதம் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்த அவமானம் அல்லவா? அத்தான் அதை ஒரு நிமிஷம் புரட்டிப் பார்த்தார், பழைய டிக்கெட்டைப் புரட்டிப் பார்ப்பதுபோல.

"எத்தனை தூண்?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"அத்தனையும் தப்பா?"

"அத்தனையும்."

"தப்புன்னா அங்கங்க வரும் மச்சான். அஞ்சு வரும், பத்து வரும். இருநூத்திப் பன்னெண்டும் அச்சுப் பிசகாம ஒரே மாதிரி வந்தா, அதுக்குப் பேரு தப்பா?"

"அச்சு தப்புன்னா அப்படித்தான் அத்தான் வரும்! ஒண்ணு தப்புன்னா எல்லாமே தப்பு!"

"ஒரு பொறியாளர் வந்து பார்த்தாங்கல்ல? அவங்க கண்ணுலயும் படலையா?"

"பட்டுச்சு. விடுங்கன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"ஆஹா," என்று அத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்கிற மாதிரி இருந்தது அந்த ஆஹா. வேலிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா டீயோடு வந்து நின்றாள். "இன்னைக்கு வரைக்கும் அவன் எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லைங்க," என்றாள்.

"பொய் சொல்றான்னா சொன்னேன்? பாவம், அவன் அப்படி நினைச்சுக்கிட்டிருக்கான்."

பதினோரு வருஷமாக இதே நாற்காலிகளில் உட்கார்ந்து இதே மாதிரிதான். ஒரு பக்கம் தொண்டைத் தண்ணீர் வற்றும், மறுபக்கம் இரக்கத்தோடு சிரிக்கும். வழக்கமாக வேலிக்காரர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். இந்தத் தடவை ஆறு வருகிறதே, எழுந்து போக முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பொறியாளர் அம்மாவிடம் போய் நின்றார். அந்த அம்மா கட்டில் இறக்குகிறவர்களுக்கும் தண்ணீர்த் தொட்டி கொண்டுவந்தவர்களுக்கும் நடுவில் குரல் கம்மிப்போய் நின்றிருந்தார். "இப்பத்தான் உங்களுக்கு ரோஷம் வந்துச்சா? என்னமோ பண்ணுங்க, கட்டில் வர்ற வழியை மறிக்காதீங்க," என்றார். மொத்தத்தையும் மாற்ற ஒரு மாதம் வேண்டும். பள்ளத்தெருவைப் பார்த்த பக்கத்தில் நாற்பத்தாறு தூண்கள் இருந்தன. அதையாவது செய்வோம் என்று ஏணியைச் சாத்தினார். ஏணியைப் பிடித்துக்கொண்டது அவர் மனைவி. முள்கம்பியைத் தளர்த்தி, கொம்பைக் கிரைண்டரால் அறுத்து, திருப்பி வைத்துப் பத்தவைத்து, மறுபடி கம்பியை இழுத்துக் கட்டவேண்டும். கழுத்துக்குள் நெருப்புப்பொறி விழுந்தது, முள் குத்தி இரண்டு கையும் கிழிந்தது. "உங்க அத்தான் ஒருத்தருக்காகவா இவ்வளவும்?" என்று மனைவி கீழிருந்து கேட்டாள். "அக்காவுக்காகடீ," என்றார்.

புதன்கிழமை மாலை வேலை முடிந்ததும், முகம்கூடக் கழுவாமல் அத்தானை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து வேலிக்கு முன்னால் இறக்கிவிட்டார். அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் தூணிலிருந்து கடைசித் தூண் வரைக்கும் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். திரும்பி நடந்து வந்தார். வேலிக்காரருக்குத் தோன்றியது, ஜெயித்துவிட்டோம் போலிருக்கிறதே என்று.

"பார்த்தியா?" என்றார் அத்தான் மெதுவாக. "நாம கண்டுபிடிச்சுட்டோம்னு தெரிஞ்சதும் மாத்திட்டாங்க."

"அவங்க மாத்தல அத்தான், நான் மாத்தினேன்! இந்தக் கையைப் பாருங்க!"

"உன்னை வெச்சுத்தானே மாத்தணும், வேற யாரை வெச்சு மாத்துவாங்க? அதுவும் ரோட்டுல போறவங்க கண்ணுல படுற பக்கம் மட்டும். மத்த மூணு பக்கமும் அப்படியே இருக்கு பாரு."

வேலிக்காரர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. அத்தான் குனிந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "உன்மேல தப்பில்ல மச்சான்," என்றார்.

வியாழன் மதியம் பள்ளத்தெருவின் சாக்கடை எதிர்த்து ஓட ஆரம்பித்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் அதன் வழியாக மேலேறிக்கொண்டிருந்தது. அறுபது வீட்டில் இருபது வீடுதான் காலியாகியிருந்தது. மீதிப் பேர் அத்தான் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் போனால் போவார்கள், அவர் இருந்தால் இருப்பார்கள். அக்கா சமையலறைச் சாமான்களைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். பரண் வரைக்கும் தண்ணீர் வந்தால் அவள் எங்கே ஏறுவாள் என்று வேலிக்காரருக்குத் தோன்றியது.

"அக்கா, நீ மட்டுமாவது வா."

"அவரை விட்டுட்டா? போடா."

அப்போதுதான் அவர் அதைச் செய்தார். யோசித்துச் செய்ததில்லை. அலுத்துப்போன மனிதன் செய்கிற காரியம் அது. அத்தானுக்கு எதிரே போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அத்தான், நீங்க சொல்றது சரிதான். அது அடைக்கிற இடம்தான். எனக்கு அப்பவே தெரியும். வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லித்தான் வேலையைக் குடுத்தாங்க."

அக்கா பரணிலிருந்து கையை எடுத்தாள். வேலிக்காரர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"ஆனா வேலி போட்டவன் நான். மூணாவது கொட்டகைக்குப் பின்னால ஒரு இடத்துல ஆள் நுழையற அளவுக்கு வழி விட்டு வெச்சிருக்கேன். வேற யாருக்கும் தெரியாது. இங்கேயே இருந்தா வந்து தூக்கிட்டுப் போய் எங்க போடுவாங்களோ தெரியாது. நாமளா போனா அந்தக் கொட்டகையிலயே இடம் புடிச்சுக்கலாம். ஏதாவது ஆச்சுன்னா உங்களையும் அக்காவையும் நான் வெளிய கொண்டு வந்துடுறேன்."

அத்தான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மனிதரின் கண் கலங்கிவிட்டது.

"பதினோரு வருஷத்துல இன்னைக்குத்தான் மச்சான், நான் சொன்னது சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கே," என்றார்.

பத்து நிமிஷத்தில் பெட்டி கட்டிவிட்டார். போகிற வழியில் நாலு வீட்டுக் கதவைத் தட்டி ஏதோ காதில் சொன்னார். நாலு மணிக்குள் பள்ளத்தெருவே காலி. முகாம் வாசலில் பொறியாளர் அம்மா வாயைப் பிளந்துவிட்டார். "மூணு நாளா மைக்ல கத்துறேன், பாதிப் பேர்கூட அசையல. என்னங்க சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். வேலிக்காரர் பெயர் எழுதுகிற வரிசையில் போய் நின்றுகொண்டார்.

வழியைக் காட்டு என்று அத்தான் பிடித்துக்கொண்டார். கூட்டமாக இருக்கிறது, காலையில் காட்டுகிறேன் என்று வேலிக்காரர் சொல்லிவைத்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்றாவது கொட்டகைக்குப் பின்னால் போனார். கையில் கம்பி வெட்டுகிற கட்டர். வலை விறைப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. கொம்பு தப்பாக இருந்தாலும் வலை இழுத்துக் கட்டியதில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது. கண் கண்ணாக வெட்டிக்கொண்டே போனார். இடுப்பு உயரத்துக்கு வெட்டி, ஓரத்தைச் சுருட்டிவிட்டார். தான் கட்டிய வேலியைத் தானே வெட்டுவது இதுதான் முதல் தடவை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

அத்தான் வந்து பார்த்தார். குனிந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, இழுத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கட்டிலுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார், வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலிக்காரரிடம் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒருவரும் வெளியே போகவில்லை. எங்கே போவது? ஒன்பது மணிக்கு அணையைத் திறந்தார்கள். பத்தரைக்குப் பள்ளத்தெருவில் கடைசி வீட்டின் ஓடு மட்டும் தெரிகிறது என்று படகில் போனவர்கள் வந்து சொன்னார்கள்.

அக்கா மதியம்தான் அங்கே வந்தாள். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அவர் ஒரு செங்கல்மேல் உட்கார்ந்திருந்தார். அவளும் எதிரே உட்கார்ந்து அந்த ஓட்டையையே பார்த்தாள்.

"டேய், நிஜமாடா?"

"இல்லக்கா!" என்றார் வேலிக்காரர். இதைச் சொல்வதற்காகத்தான் நேற்றிலிருந்து அவர் காத்திருந்தார். "எல்லாம் பொய்க்கா. ஜெயிலும் இல்ல, மண்ணும் இல்ல. அத்தானைக் கிளப்பறதுக்குச் சொன்னேன். உன்னைக் காப்பாத்தணுமேன்னு சொன்னேன். இந்த ஓட்டை இன்னைக்குக் காலையில நான் வெட்டினது."

"அப்போ கொம்பு?"

"அதான் அன்னைக்கே சொன்னேனேக்கா. மான் பூங்கா அச்சு. மறந்துட்டேன்."

அக்கா வலையின் வெட்டுவாயை விரலால் தடவினாள். பெருமூச்சு விடுவாள், விட்டுவிட்டு எழுந்து போவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் விடவில்லை. திரும்பி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் பக்கம் நகர்ந்து, கிழிந்துபோன அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்னையும் மிரட்டித்தான் வெச்சிருப்பாங்க, இல்ல?" என்றாள் ரகசியமாக. "சொல்ல முடியலன்னா எங்கிட்டகூடச் சொல்ல வேணாம்டா. எனக்குப் புரியுது."